ஆளாக்கும் வேலை

1979-ஆம் ஆண்டு. அமெரிக்க வாடிக்கையாளர்களைத் தேடி நியூயார்க்கில் ஓர் அலுவலகம் திறக்க முடிவு செய்தது பம்பாயின் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் (டி.சி.எஸ்.). அந்தப் பொறுப்போடு விமானம் ஏறியவர் எஸ். ராமதுரை. 1972-இல் பயிற்சிப் பொறியாளராகச் சேர்ந்தவர். நிறுவனத்தில் அவருடைய அனுபவம் ஏழே ஆண்டு. இந்தியாவிலிருந்து மென்பொருள் வாங்கலாம் என்ற எண்ணமே அமெரிக்கக் கம்பெனிகளுக்குப் பெரும்பாலும் இல்லாத காலம் அது. அப்படிப்பட்ட சந்தையில் நிறுவனத்தின் பேரைக் காப்பாற்றும் வேலையை ஓர் இளைஞரை நம்பி ஒப்படைத்தார் அன்றைய தலைவர் எஃப்.சி. கோலி. 17 ஆண்டுகள் கழித்து, 1996-இல், கோலிக்கு அடுத்து நிறுவனத்தை வழிநடத்தும் பொறுப்பு அதே ராமதுரைக்கு வந்தது.

வாடிக்கையாளர் சேவைத் தொழிலில் தலைவராவது எப்படி என்று கேட்கும் பிள்ளைகள் இன்று ஏராளம். ஆங்கிலம் பேசு, ஆன்சைட் போ, சர்டிஃபிகேட் சேர்த்துக்கொள் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். தேவைதான். ஆனால் இந்தத் தொழிலில் உயர்ந்தவர்களின் பாதையைப் பார்த்தால், ஒவ்வொரு திருப்பத்திலும் அவர்களை ஆளாக்கிவிட்ட ஒருவர் நிற்கிறார். பிறகு அவர்களும் வேறு சிலரை ஆளாக்கியிருக்கிறார்கள்.

மாட்டுங்காவின் டைப்ரைட்டர் தலைமுறை

மும்பைத் தமிழருக்கு வாடிக்கையாளர் சேவை கணினியோடு வந்ததல்ல. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலேயே தஞ்சாவூர், பாலக்காடு, திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து தட்டச்சும் சுருக்கெழுத்தும் தேறிய இளைஞர்கள் பம்பாய்க்கு ரயிலேறினார்கள். பலர் நகரின் மாட்டுங்கா பகுதியில் அறையெடுத்துத் தங்கி, மெஸ்ஸில் சாப்பிட்டு, கோட்டைப் பகுதி அலுவலகங்களுக்கு வேலைக்குப் போனார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்காக 1932-இல் தென்னிந்திய கல்விச் சங்கம் பிறந்தது. 1942-இல் தொடங்கிய ராம நாயக் உடுப்பி போர்டிங்கில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு இன்றும் வரிசை நிற்கிறது.

அந்த ஸ்டெனோக்களின் திறமை சாமானியமானதல்ல. துரை பாதி வாக்கியம் சொன்னால் மீதியை எழுதி முடிப்பார்கள். எந்த வாடிக்கையாளருக்கு எப்போது எந்தத் தொனியில் கடிதம் போக வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் பலருக்கு 30 ஆண்டு கழித்தும் நாற்காலி மாறவில்லை. கடிதத்தை எழுதியது அவர்கள். கையெழுத்துப் போட்டது வேறொருவர். தென்னிந்தியர்கள் வேலைகளைப் பிடித்துக்கொண்டார்கள் என்று 1966-இல் பிறந்த சிவசேனா கிளர்ச்சி செய்ததே, அந்த வேலைகளிலும் மிகப் பல குமாஸ்தா, ஸ்டெனோ வேலைகள்தாம். அந்த மனிதர்களிடம் குறை எதுவும் இல்லை. வாடிக்கையாளருக்கு எதிரே அவர்களை உட்காரவைத்துப் பேசச் சொல்ல மேலே யாரும் இல்லை.

நம்பி ஒப்படைத்தவர்

1968-இல் தொடங்கிய டி.சி.எஸ்.ஸுக்கு மறு ஆண்டே, டாடா மின் நிறுவனத்திலிருந்து வந்து சேர்ந்தார் பெஷாவரில் பிறந்த கோலி. கணினியை இறக்குமதி செய்வதே அன்று பெரும்பாடு. இறக்குமதி செய்தால் அதற்கு ஈடாக ஏற்றுமதி செய்து காட்ட வேண்டும் என்பது அரசின் நிபந்தனை. 1974-இல் அமெரிக்காவின் பரோஸ் கணினி நிறுவனம் முதல் வெளிநாட்டு வாடிக்கையாளராக வந்தது. வேலை கொடுப்பவர் கடல் கடந்து இருக்கிறார். வேலை பம்பாயில் நடக்கிறது. செய்பவரை நேரில் பார்க்காமலேயே அவர் நம்ப வேண்டும்.

ஆலையில் இயந்திரம் பழுதானால் மாற்றிவிடலாம். சேவைத் தொழிலில் திறமைசாலி ஒருவர் விலகினால், வாடிக்கையாளர் அவர்மீது வைத்த நம்பிக்கையும் கூடவே போய்விடும். ஆகவே, அவருக்குப் பின்னால் இன்னொருவர் எப்போதும் தயாராக இருந்தாக வேண்டும். வேலை கிடைக்கும் முன்பே ஆளைத் தயாரிப்பது கோலியின் வழக்கம். 1981-இல் புணேயில் ஆராய்ச்சி மையம் நிறுவியதும் அந்தத் தொலைநோக்கால்தான்.

ராமதுரை பொறுப்பேற்றபோது நிறுவனத்தின் ஆண்டு வருவாய் சுமார் 15.5 கோடி டாலர். 2009-இல் அவர் விடைபெற்றபோது சுமார் 600 கோடி டாலர். இந்த எண்களைவிடப் பெரிதாக எனக்குத் தெரிவது அவர் எடுத்த ஒரு முடிவு: என். சந்திரசேகரனைத் தன் நிர்வாக உதவியாளராக அமர்த்திக்கொண்டது. நாமக்கல் மாவட்டம் மோகனூரில் தமிழ்வழி அரசுப் பள்ளியில் படித்து, கோவையிலும் திருச்சியிலும் கல்லூரி முடித்து, 1987-இல் சேர்ந்தவர் அவர்.

தலைவரின் பக்கத்து நாற்காலி அது. மாட்டுங்கா ஸ்டெனோக்கள் ஆயுள் முழுக்க உட்கார்ந்ததும் இப்படி ஒரு நாற்காலியில்தான். அவர்களுக்கு அதற்கு மேல் வழி இல்லை. சந்திரசேகரனுக்கு வழி திறந்தது. 2007-இல் தலைமை இயக்க அதிகாரி, 2009-இல் தலைமைச் செயல் அதிகாரி, 2017-இல் டாடா சன்ஸ் தலைவர். உதவியாளரைக் கையோடு வைத்துக்கொள்வதா, பொறுப்பைக் கொடுத்து ஏற்றிவிடுவதா என்பதை மேலே இருப்பவர்தான் தீர்மானிக்கிறார்.

சந்திரசேகரன் அதே பாடத்தைப் பெரிய அளவில் செய்து காட்டினார். நிறுவனத்தை இருபதுக்கும் மேற்பட்ட பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித் தலைவரை வைத்து, லாப நஷ்டக் கணக்கையும் அவரிடமே கொடுத்தார். தலைமைப் பயிற்சி என்ற பெயரில் வகுப்பு எடுப்பதைவிட இது மேலான பயிற்சி. 2023-இல் தலைமைச் செயல் அதிகாரி ஆன கே. கிருத்திவாசனும் 1989-இல் சேர்ந்து, வங்கி, நிதித்துறை வாடிக்கையாளர்களைக் கவனிக்கும் பிரிவை நடத்தி உயர்ந்தவர்தான்.

அந்தப் பத்து நிமிடம்

இவ்வளவும் உயரத்தில் நடந்த கதை. இதன் வேர், மும்பை வட்டாரத்தின் ஐரோலி, பவாய் ஐ.டி. அலுவலகங்களில் வாராவாரம் நடக்கும் ஸ்டேட்டஸ் காலில் இருக்கிறது. மறுமுனையில் நியூஜெர்ஸியில் கிளையன்ட். செவ்வாய் இரவு ஓட வேண்டிய பேட்ச் ஏன் நின்றுபோனது என்று கேட்கிறார். விடை தெரிந்தவர், அன்று இரவு கண்விழித்து அதைச் சரிசெய்த இரண்டாம் ஆண்டுப் பெண். அவர் பேசினால் தடுமாறுவாரோ என்று டீம் லீட் தானே பதில் சொல்லிவிடலாம். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது.

நல்ல லீட் மைக்கை மியூட் செய்துவிட்டு, “நீயே சொல்லும்மா, நான் பக்கத்துலதான் இருக்கேன்” என்கிறார். அந்தப் பெண் சொல்கிறார்: எது உடைந்தது, எத்தனை மணிக்குச் சரியானது, மறுபடி நேராதிருக்க என்ன செய்திருக்கிறோம். ஆங்கிலம் இரண்டு இடத்தில் தட்டுகிறது, விஷயம் தட்டவில்லை. கால் முடிந்ததும் லீட் இரண்டே விஷயம் சொல்கிறார்: நன்றாக வந்தது ஒன்று, அடுத்த முறை மாற்ற வேண்டியது ஒன்று. சில மாதங்களில் கிளையன்ட் அந்தப் பெண்ணுக்கே நேரடியாக மெயில் போடத் தொடங்குகிறார்.

பல லீடுகள் பயப்படுவது இந்த இடத்தில்தான். ‘என்னைத் தாண்டிப் போய்விடுவாளோ?’ ஆனால் அந்தப் பெண் தலையெடுத்ததால்தான் லீடுக்கு அடுத்த அக்கவுன்ட்டைப் பார்க்க நேரம் கிடைக்கிறது. தான் இல்லாவிட்டால் எதுவும் நடக்காது என்று காட்டிக்கொள்பவரை எந்த மேலதிகாரியும் அங்கிருந்து நகர்த்தத் துணியமாட்டார். அவர் உயர்வும் அங்கேயே நின்றுவிடும். அப்ரைசலில் கிளையன்ட்டின் மதிப்பெண்ணைக் கேட்கிறோம், பில்லிங் கணக்கைக் கேட்கிறோம். உங்களுக்குக் கீழே இருந்த எத்தனை பேர் லீட் ஆனார்கள் என்பதையும் கேட்க வேண்டும்.

2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது 12,000 பேருக்கு மேல், குறைக்கப்போவதாக அறிவித்தது. இவர்களில் பெரும்பாலோர் நடுநிலையிலும் அதற்கு மேலும் இருப்பவர்கள். அந்தக் குடும்பங்களின் வலி பெரிது. தனிமனிதர்களைப் பழித்துப் பயனில்லை. உழைத்தவருக்குப் புதியதைக் கற்றுக்கொடுப்பது எந்த நிறுவனத்துக்கும் கடமை. ஆனால் துறை முழுவதுக்கும் ஒன்று தெளிவாகிவிட்டது. கீழிருந்து வரும் ரிப்போர்ட்டை மேலே அனுப்பும் வேலையை இனி மென்பொருளே செய்யும். பயந்துபோன இளைஞரைப் பக்கத்தில் இருந்து பேசவைக்க மனிதர்தான் வேண்டும்.

ரயில் பாதைக்கு அப்பால்

மாட்டுங்காவிலிருந்து தாராவி நடக்கும் தூரம். நெல்லைச் சீமையிலிருந்து தோல் தொழிலுக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே மாநகராட்சித் தமிழ்வழிப் பள்ளிகளில் படிக்கிறார்கள். வீட்டின் முதல் பட்டதாரிகள் கால் சென்டருக்கும் வங்கிகளின் பேக் ஆபீசுக்கும் போகிறார்கள். உள்ளே நுழையக் கதவு திறந்துதான் இருக்கிறது. முதல் படிக்கு மேல் ஏறக் கைகொடுப்பார் இல்லை. நடுவே ஓடும் ரயில் பாதையைவிட அகலமானது சாதியும் வர்க்கமும் போட்டிருக்கும் இடைவெளி.

செம்பூரிலும் மாட்டுங்காவிலும் பெரிய நிறுவனங்களில் பொறுப்பு வகித்து ஓய்வுபெற்ற தமிழர்கள் இருக்கிறார்கள். கோபத்தில் இருக்கும் வாடிக்கையாளருக்கு முதல் வரி எப்படி எழுதுவது, முடியாது என்பதை எப்படி மரியாதையாகச் சொல்வது, தவறை எப்போது ஒப்புக்கொள்வது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துபடி. எந்தப் பாடத்திட்டத்திலும் இது இல்லை. அவர்கள் ஆளுக்கு இரண்டு தாராவிப் பிள்ளைகளை ஓராண்டு கூடவே வைத்துச் சொல்லிக்கொடுத்தால் போதும். மோகனூர் தமிழ்வழிப் பள்ளியால் டாடா சன்ஸுக்கு ஒரு தலைவரைத் தர முடிந்தது என்றால், தாராவிப் பள்ளியாலும் முடியும். உங்களை ஒருவர் ஆளாக்கினார். நீங்கள் இரண்டு பேரை ஆளாக்குங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள்.