இடப்பக்கச் சாரதி

ஏர்மாடு பழக்குவோர் ஓர் உண்மையை நன்கறிவர். நுகத்தின் இடப்பக்கம் பூட்டிப் பழகிய மாட்டை ஒருநாள் வலப்பக்கம் பூட்டினால் அது தடுமாறும், நேரே செல்லாது, துணை மாட்டையும் இழுத்துக் குழப்பும். மாடு அதே மாடு, ஏரும் அதே ஏர், வயலும் அதே வயல். மாறியது பக்கம் ஒன்றே. நாஞ்சில் நாட்டு வயல்களில் ஏர்மாடு அருகிப்போன இக்காலத்தில் இவ்வுண்மையின் முழுப் பொருளை யான் உணர்ந்தது வயல் வரப்பில் அன்று. நெய்யூர்ச் சாலையில், ஒரு ஜெர்மானியரின் மோட்டார் வண்டியில்.

2019ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் கன்னியாகுமரிக் கடற்கரையில் அவ்வண்டியைக் கண்டேன். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பிடம் யாவும் தன்னகத்தே கொண்ட வீட்டு வண்டி அது. சினிமாக்காரர்களின் வாயிலாக நம்மவர் இதனைக் கேரவன் என்று அறிந்துள்ளனர். அதில் வந்தவர் வயது முதிர்ந்த ஒரு தம்பதியர். துருக்கி, ஈரான், பாகிஸ்தான் வழியாக வாகா எல்லையைக் கடந்து, நாட்டின் தென்கோடி வரை தாமே ஓட்டி வந்திருந்தனர். பெரியவர் மலையேறுவதில் பற்றுடையவர். 1922, 1924ஆம் ஆண்டுகளில் எவரெஸ்டு மலையில் ஏறச் சென்ற குழுவினருள் ஒருவராகிய டாக்டர் சாமர்வெல், பின்னர்ப் பல ஆண்டுகள் நெய்யூர் மருத்துவமனையில் பணியாற்றினார் என்பதை நூல்களிற் படித்திருந்தார். அவ்வூரைக் காண விரும்பினார். யான் நெய்யூரான் என்று சொன்னதும், "அப்படியானால் எங்களுடன் வாருங்கள், வழி காட்டலாம்" என்றார். அன்று அம்மையாருக்குத் தலைநோவு. அவர் பின்னே சாய்ந்துகொள்ள, அவர் வழக்கமாக அமரும் முன்னிருக்கை எனக்குக் கிடைத்தது. அஃது வலப்பக்க இருக்கை. நம் நாட்டு வண்டிகளில் சாரதி அமரும் இடம்; ஆனால் என் முன்னே ஸ்டியரிங் இல்லை. அஃது இடப்பக்கம் பெரியவரின் கையில் இருந்தது.

வண்டி ஓட்டுபவன் சாலையின் நடுப்பகுதிக்கு அருகில் அமரவேண்டும் என்பதே உலகெங்கும் உள்ள முறை. நாம் சாலையின் இடப்புறமாகச் செல்கின்றோம். ஆகவே நம் சாரதி வலப்பக்கம் அமர்கின்றான். ஜெர்மனியிலோ வலப்புறமாகச் செல்கின்றனர். அங்குச் சாரதிக்கு இடம் இடப்பக்கம். இவ்வேறுபாடு குதிரைகளின் காலத்தில் தோன்றியதென்பர். இங்கிலாந்தில் கோச்சு வண்டிக்காரன் வலக்கையில் சவுக்கேந்தி மேடையின் வலப்பக்கம் அமர்ந்தான். அமெரிக்காவிலும் பிரான்சிலும் பல இணைக் குதிரைகள் பூட்டிய பெருஞ்சுமை வண்டிகளில் ஓட்டுபவனுக்கு ஆசனமே இல்லை. இடப்பக்கக் கடைக் குதிரையின்மேல் அவன் ஏறிக்கொண்டான். எதிரே வரும் வண்டியின் சக்கரம் தன் சக்கரத்தில் உராயாமல் பார்க்கவேண்டுமானால், அவ்வண்டி தனக்கு இடப்புறமாகக் கடப்பதே அவனுக்கு வசதி. ஹென்றி போர்டு 1908ஆம் ஆண்டு வெளியிட்ட 'மாடல் டி' மோட்டாரில் ஸ்டியரிங்கை இடப்பக்கம் அமைத்தபின், அந்நாட்டில் அதுவே நிலைபெற்றது. நம் மாட்டு வண்டிக்காரனுக்கு இத்தொல்லை எதுவும் இல்லை. அவன் இரு மாடுகளுக்கும் நடுவே, ஏர்க்காலின்மேல் கால் தொங்கவிட்டு அமர்பவன்; அவனுக்கு இடமும் ஒன்று, வலமும் ஒன்று.

சாலையின் பக்கமும் சாரதியின் பக்கமும் பொருந்தாமற் போன நாடுகளும் உண்டு. சுவீடன் தேசத்தில் 1967 வரை மக்கள் இடப்புறமாகச் சென்றனர். ஆனால் அவர்தம் கார்களிற் பெரும்பாலானவற்றில் ஸ்டியரிங்கும் இடப்பக்கமே இருந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 3ஆம் நாள் தேசம் முழுவதும் ஒரே நாளில் வலப்புறத்திற்கு மாறியதற்கு இப்பொருத்தமின்மையும் ஒரு காரணம். பர்மாவிலோ நேர்மாறு. 1970இல் சாலையை வலப்புறமாக மாற்றினர், வண்டிகளை மாற்றவில்லை. பின்னரும் ஜப்பானிலிருந்து வந்து குவிந்த பழைய கார்கள் வலப்பக்க ஸ்டியரிங் உடையனவே. பர்மாவிலிருந்து திரும்பிய நம் தமிழர் பலர் குடியேறியுள்ள மணிப்பூர் மோரே பட்டணத்தில் நின்றால், எல்லைக்கோட்டிற்கு இப்பால் இடப்புறமும் அப்பால் தமூவில் வலப்புறமும் வண்டிகள் செல்வதைக் காணலாம்.

இவ்வாறு பக்கம் மாறி ஓட்டுவது கைக்குக் கடினம் என்று பலர் எண்ணுகின்றனர். யானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். நம் வண்டிகளில் இடக்கை கியர் மாற்றும். அவர்கள் வண்டியில் வலக்கை மாற்றும். ஆனால் காலடிக் கட்டைகள் மாறுவதில்லை: கிளச்சு இடமும், பிரேக்கு நடுவிலும், வேகங்கூட்டுங் கட்டை வலமும் என்பது எந்நாட்டு வண்டிக்கும் பொது. வளைகுடா நாடுகளில் சாரதிகளாகப் பணியாற்றித் திரும்பிய நம்மூர் இளைஞர் எத்தனையோ பேர்; சவூதியிலும் துபாயிலும் வலப்புறச் சாலையில் இடப்பக்கம் அமர்ந்து ஓட்டிவிட்டு, இங்கு வந்து சில நாட்களில் வழக்கத்திற்குத் திரும்பிவிடுகின்றனர். கை விரைவிற் பழகும். அவர்களுள் ஒருவரைக் கேட்டபோது, தமக்கு நெடுநாள் தொல்லை தந்தது சாலையைக் கடக்கும்போது முதலில் எப்பக்கம் பார்ப்பது என்பதே என்றார். அவர் சொன்னது சரி. பக்கம் மாறினால் இழப்பது கையின் திறமையை அன்று, கண்ணின் காட்சியை.

எவ்வளவு காட்சி என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். அவ்வீட்டு வண்டியின் அகலம் ஏறக்குறைய 2.3 மீட்டர். இடப்பக்கம் அமர்ந்த சாரதியின் கண் இட ஓரத்திலிருந்து சுமார் 60 சென்டிமீட்டர் உள்ளே இருக்கும். அதாவது வல ஓரத்திலிருந்து 1.7 மீட்டர் தொலைவில். முன்னே ஒரு பேருந்து செல்கின்றது. அதன் பின்புறத்தை ஒட்டிச் செல்பவன் எதிர்வருவதைக் காணவேண்டும். வலப்பக்கச் சாரதி வண்டியை 60 சென்டிமீட்டர் வெளியே நீட்டினாற் போதும், கண் தெளிந்துவிடும். இடப்பக்கச் சாரதியோ 1.7 மீட்டர் நீட்டினாலன்றி ஒன்றும் காணான். அவன் பார்க்கத் தொடங்கும் முன்பே வண்டியின் பெரும்பகுதி எதிர்வருபவன் வழியில் நிற்கும்.

முந்திச் செல்வதற்கு வேண்டிய தொலைவையும் சேர்த்து எண்ணுக. பேருந்து மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்திலும் நாம் 65 கிலோமீட்டர் வேகத்திலும் செல்வதாகக் கொள்வோம். இரு வண்டிகளின் நீளமும் முன்பின் இடைவெளியும் சேர்ந்து 48 மீட்டர் எனின், அதைக் கடக்கப் பதினொன்றரை விநாடி ஆகும். அதற்குள் நாம் 208 மீட்டர் ஓடியிருப்போம். எதிரே 60 கிலோமீட்டர் வேகத்தில் வருபவன் 192 மீட்டர் நெருங்கியிருப்பான். ஆக 400 மீட்டர் சாலை நம் கண்ணுக்கு வெறுமையாய்த் தெரிந்தாக வேண்டும். தக்கலையிலிருந்து இரணியல் வழியாக நெய்யூருக்கு வரும் சாலையை அறிந்தோர் சொல்லட்டும்: தென்னையும் மதிலும் வளைவுமாகச் செல்லும் அவ்வழியில் 400 மீட்டர் நேர்க்காட்சி எத்தனை இடத்தில் உண்டு?

பெரியவர் இதற்கு இரண்டு உபாயங்கள் வைத்திருந்தார். முதலாவது, முன்செல்லும் வண்டியை ஒட்டாமை. எவ்வளவு பின்தங்குகின்றோமோ அவ்வளவு சாலை அவ்வண்டிக்கு அப்பால் திறக்கும். சாலை இடப்புறம் வளையுமிடத்தில், முன்வண்டியின் இட ஓரத்தை ஒட்டி நோக்கினால் வளைவின் உட்புறம் வழியே நெடுந்தூரம் தெரியும். அங்கு இடப்பக்கச் சாரதிக்கே ஆதாயம். வலப்புற வளைவில் அவன் குருடனே. அவ்விடங்களில் அவர் முந்த நினைத்ததே இல்லை.

இரண்டாவது உபாயம் வலப்பக்க இருக்கையில் அமர்ந்திருப்பவர். அதாவது அன்று யான். எதிர்ச்சாலையை முதலிற் காண்பவர் அவரே. இவ்வேலைக்கு இருவரும் இரண்டு ஜெர்மன் சொற்களை வைத்திருந்தனர். வழி வெறுமையாயின் 'ஃப்ரை', இல்லையேல் 'ஹால்ட்'. வேறு எதுவும் பேசுதல் ஆகாது. ஒலியில் ஒன்றையொன்று ஒவ்வாத சொற்களை வேண்டுமென்றே தேர்ந்தனராம். கன்னியாகுமரியிற் புறப்படுமுன் இதனை எனக்கு மும்முறை சொல்லிக் கொடுத்தார். நாகர்கோவில், வில்லுக்குறி, தக்கலை வரை பிழையின்றிச் சொல்லி வந்தேன். மாணவனாய் இருந்தகாலத்து மனப்பாடம் செய்ததைப் பரீட்சையில் மறந்த வழக்கம் எனக்கு உண்டு. அன்றும் அது என்னை விடவில்லை.

இரணியலைக் கடந்தபின் ஒரு பேருந்து மெதுவாய் முன்னே சென்றது. பெரியவர் சற்று வெளியே நகர்த்தி என்னை நோக்கினார். எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் விரைந்து வருவதைக் கண்டேன். கற்ற சொல் வாயில் வரவில்லை. 'வேண்டாம்' என்னும் பொருளில் ஆங்கிலத்தில் "நோ" என்று கத்தினேன். இயந்திர இரைச்சலில் அவர் செவியில் விழுந்தது "கோ". போ என்று யான் சொன்னதாகவே கொண்டு வேகத்தைக் கூட்டினார். என் உடல் முழுவதும் எதிர்ச்சாலையின் நடுவே இருந்தது. அவர் இன்னும் பேருந்தின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னே படுத்திருந்த அம்மையார் ஒன்றையும் கண்டாரல்லர். என் குரலின் நடுக்கத்தைக் கேட்டார். "ஹால்ட்!" என்று கூவினார். பெரியவர் பிரேக்கை மிதித்து இடப்புறம் ஒடித்தார். மோட்டார் சைக்கிள் எனக்கு ஒரு முழத் தொலைவில் கடந்தது.

எவருக்கும் காயமில்லை. அவ்விளைஞர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, நியாயமாகவே வலப்பக்கச் சன்னலில் நின்றார். "என்ன சாரே, ரோட்டப் பாத்து ஓட்டப்பிடாதா? எங்க வீட்டுல புள்ளைய இருக்கு" என்றார். யான் கைகூப்பினேன். அப்போதுதான் என் முன்னே ஸ்டியரிங் இல்லாததைக் கண்டு திகைத்து, அப்பால் அமர்ந்திருந்த வெள்ளைக்காரரைப் பார்த்தார். மீண்டும் என்னைப் பார்த்தார். பெரியவர் தாம் பொறுப்பு என்று சைகை காட்டினார். ஆயினும் வசவு உரியவனிடமே வந்து சேர்ந்தது என்பதை யான் அறிவேன்.

சிறிது நேரம் ஓரமாய் நின்றோம். அப்போது பெரியவர் தம் வண்டியின் வேறு இடர்களையும் சொன்னார். அதன் முன்விளக்குகள் வலப்புறச் சாலைக்கென அமைந்தவை. தாழ்த்திய ஒளியிலும் ஒரு கற்றை வலப்பக்கம் உயர்ந்து வீசும். ஜெர்மனியில் அது சாலையோரத்து நடைபாதையைக் காட்டும். இங்கோ எதிர்வருபவன் கண்ணைக் கூசச் செய்யும். ஆகவே கண்ணாடியின் அப்பகுதியைக் கறுப்பு ஒட்டுத்தாளால் மறைத்திருந்தார். இரவில் ஓட்டுவதையே தவிர்த்தார். வண்டிக்குள் ஏறும் வாயிலும் வலப்பக்கம். அங்கே அது நடைபாதையில் திறக்கும். இங்கே சாலை நடுவில் திறக்கும். படி இறங்குவதற்கு முன் ஒருவர் தலைநீட்டிப் பார்த்தாக வேண்டும். சுங்கச்சாவடியில் காசு கொடுப்பது அம்மையார் வேலை. இடப்பக்கம் அமர்வதால் நன்மையே இல்லையோ எனின், உண்டு. சாலை விளிம்பும், ஓடையும், பேருந்துக்கு நிற்பவர் பாதமும், மூன்று மீட்டர் உயரத்தில் தாழ்ந்து தொங்கும் பலாமரக் கிளையும் அவர் கண்ணருகே இருந்தன. அப்பக்கம் ஒரு கீறல் கூட வண்டியில் இல்லை.

நம் நாட்டுச் சட்டம் இத்தகைய வண்டியைத் தடுப்பதில்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 120ஆம் பிரிவு, இடப்பக்க ஸ்டியரிங் உடைய வண்டியில் செவ்வையாய் வேலை செய்யும் இயந்திர அல்லது மின்சாரச் சைகைக் கருவி இருத்தல் வேண்டும் என்று மட்டும் விதிக்கின்றது. வலக்கையைச் சன்னலுக்கு வெளியே நீட்டிச் சைகை காட்டுவது நம் சாலை வழக்கம். இடப்பக்கம் அமர்ந்தவனுக்கு அஃது இயலாது என்பதை எண்ணினால் விதியின் பொருள் விளங்கும். இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமெரிக்கப் படையினர் விட்டுச் சென்ற ஜீப்புகள் இத்தகையனவே. பின்புறத்தில் 'இடப்பக்க ஸ்டியரிங்' என்னும் எச்சரிக்கையை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு, மலைத் தோட்டங்களில் அவை நெடுங்காலம் உழைத்தன.

அம்மையார் தலைநோவையும் பொருட்படுத்தாது முன்னே வந்தமர்ந்தார். யான் பின்னே பெஞ்சிற்குப் போனேன், அதற்கு வருந்தவில்லை. நெய்யூர் வரை எஞ்சிய வழியில் அவர் நான்கு முறை 'ஹால்ட்' என்றார். ஒரே ஒரு முறை 'ஃப்ரை' என்றார். மருத்துவமனையின் பழைய கட்டடங்களை இருவரும் மாலைவரை நின்று பார்த்தனர். விடைபெற்றபோது, யான் படியில் கால்வைக்குமுன் அம்மையார் என் தோளைப் பிடித்து நிறுத்தி, வாயிலுக்கு வெளியே இருபுறமும் நோக்கினார், பின்னரே இறங்கவிட்டார்.