பாகூர்ப் பின்கட்டில் ஒரு ஹாப் ஒத்திகை

கதவைச் சாத்திவிட்டு உள்ளே வாருங்கள். ஃபேனைப் போட்டுவிடாதீர்கள், வாசனையெல்லாம் கலைந்துவிடும்! பாகூரில் எங்கள் வீட்டுப் பின்கட்டு இப்போது வாசனைக் கூடமாகிவிட்டது. பெஞ்சின் மேல் கழுவிக் காயவைத்த ஊறுகாய் பாட்டில்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் கோழித் தீவனம் போலப் பச்சைப் பச்சையாகக் குச்சித் துண்டுகள். மூடிகளில் பெயர் ஒட்டியிருக்கிறது: சிட்ரா, மொசைக், கேலக்ஸி, கேஸ்கேட், சப்ரோ. பீருக்குக் கசப்பும் மணமும் கொடுக்கிற ஹாப் பூவை அரைத்து அழுத்திச் செய்த துண்டுகள் இவை. மூடியைத் திறந்தால் போதும், எலுமிச்சை, மாம்பழம், தேங்காய் என்று ஒரு சந்தையே எழுந்து வருகிறது!

இந்த ஒத்திகையை நடத்துகிறவர் பெரியப்பா மகன். பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்தவர். 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட பல குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. அண்ணனுக்கு ஸ்ட்ராஸ்பூரில் வேலை. அங்கே வீட்டுச் சமையலறையில், இருபது லிட்டர் பானையில், தானே பீர் காய்ச்சுகிறார். சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சிக்கொள்ள பிரான்சில் தடையில்லை. நம் புதுச்சேரியில் கலால் உரிமம் இல்லாமல் காய்ச்சினால் குற்றம். அதனால் இங்கே அடுப்பு பற்றவைக்கவில்லை. ஆனால் பழமணம் தூக்கலாக இருக்கும் பீருக்கு எந்த ஹாப்போடு எந்த ஹாப்பைச் சேர்ப்பது என்ற கேள்விக்கு அடுப்பே தேவையில்லை. அந்த வேலை முழுக்க முழுக்க மூக்கின் வேலை. கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்தவர் அதை இங்கேயே முடித்துவிடலாம் என்று இறங்கிவிட்டார். நானும் ஒட்டிக்கொண்டேன்.

முதல் தீர்ப்பைச் சொன்னது அம்மா. "சித்தி, இத மோந்து பாருங்க" என்று அண்ணன் மொசைக் பாட்டிலை நீட்டினார். அம்மா ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு, "என்னடா இது, மாங்கா காம்ப ஒடிச்ச மாதிரி இருக்கு" என்றார். அண்ணன் துள்ளிக் குதித்துவிட்டார். அது அச்சு அசலான உண்மை! ஹாப் எண்ணெயில் பெரும்பங்கு வகிக்கும் பொருள்களில் முக்கியமானது மிர்சீன். காம்பை ஒடித்தால் சொட்டுகிற மாங்காய்ப் பாலிலும் அதே மிர்சீன் இருக்கிறது. மாமரமும் ஹாப் கொடியும் தூரத்துச் சொந்தம்கூட இல்லை. ஹாப் சேர்ந்தது கஞ்சாச் செடியின் குடும்பம். ஆனாலும் இரண்டும் ஒரே மணப்பொருளைச் செய்கின்றன. வேதியியல் படிக்காத அம்மா ஒரே மூச்சில் அதைப் பிடித்துவிட்டார்.

இன்னும் இருக்கிறது. ஹாப்பில் லினலூல் உண்டு. நம் கொத்தமல்லி விதையின் எண்ணெயில் முதலிடம் அதற்குத்தான். ஜெரனியால் உண்டு, அது பன்னீர் ரோஜாவின் மணம். பிறகு தயோல் என்ற கந்தகச் சேர்மங்கள். கொய்யாவிலும் பேஷன் பழத்திலும் மூக்கைத் துளைக்கிறதே ஒரு மணம், அது இவற்றின் கைவரிசை. லட்சம் கோடிப் பங்கில் சில பங்கு இருந்தாலே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். ஒவ்வொரு ஹாப்பிலும் இந்தப் பொருள்கள் வேறு வேறு அளவில் இருக்கின்றன. கலப்புக்கு அடிப்படையே இதுதான்: ஒன்றில் குறைவதை இன்னொன்றிலிருந்து கொண்டுவருவது. ஒரே மணமுள்ள இரண்டைச் சேர்த்தால் சத்தம்தான் கூடும், புதிதாக எதுவும் பிறக்காது.

இப்போது உண்மையான ரகசியத்துக்கு வருவோம். கடையில் கிடைக்கிற மிகச் சாதாரணமான, மணமே இல்லாத லாகர் பீர் பாட்டில்களை வாங்கி வந்து நன்றாகக் குளிரவைத்தோம். மூடியைத் திறந்து, வாய்ப்பக்கம் கொஞ்சம் இடம் இருக்கும்படி ஊற்றிவிட்டு, ஒரு பாட்டிலுக்கு ஒரு ஹாப் வீதம் இரண்டு கிராம் அளவுக்குப் போட வேண்டும். மெதுவாக! குளிர் போதாமல் இருந்தாலோ, மொத்தமாகக் கொட்டினாலோ, நுரை எரிமலையாகக் கிளம்பிக் கூரையைப் பார்க்கும். உடனே புது மூடி போட்டு அழுத்தி, ஃபிரிட்ஜில் வைத்து, அவ்வப்போது தலைகீழாகத் திருப்பிவிட வேண்டும். ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் போதும். ஹாப் மணம் பீருக்குள் இறங்க அதற்கு மேல் தேவைப்படுவதில்லை. வாரக்கணக்கில் ஊறவைப்பது பழைய பழக்கம். அதனால் பச்சிலை வாடைதான் மிச்சம்.

கலப்புகளைத் தனித்தனியாக ஊறவைக்கவேண்டிய அவசியமும் இல்லை. ஒற்றை ஹாப் பீர்கள் கையில் இருந்தால் கலப்பு டம்ளரிலேயே நடக்கும். மருந்துக்கடையில் வாங்கிய ஊசியில்லாத சிரிஞ்சை எடுத்தார் அண்ணன். சிட்ரா இருபது மில்லி, மொசைக் பத்து. அடுத்த டம்ளரில் இரண்டும் சமம். அடுத்ததில் கேலக்ஸி ஐந்து மில்லி கூடுதல். நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டு எழுதிக்கொண்டே போனோம். சாயங்காலம் முழுக்க என் கை நடுங்கியது, அவ்வளவு ஆர்வம்!

சிட்ரா முதலில் பாய்கிறது. எலுமிச்சை, சாத்துக்குடி, வெளிச்சமான மணம். 2007-ல் அமெரிக்காவில் வெளிவந்த இந்த ரகம் இன்று உலகமெங்கும் ஏன் ஓடுகிறது என்பது ஒரு மடக்கிலேயே புரிந்துவிடும். ஆனால் தனியாகக் குடித்தால் மேலே மட்டும் ஒலிக்கிறது, கீழே ஒன்றும் இல்லை. அந்த அடித்தளத்தைக் கொடுப்பது மொசைக். 2012-ல் வந்தது, சிம்கோ என்ற ஹாப்பின் மகள். கனிந்த மாம்பழமும் நாவல்பழமும் கலந்த கனம். ஆஸ்திரேலியாவின் கேலக்ஸி பேஷன் பழத்தை அள்ளிக் கொட்டுகிறது, ஆனால் அளவு மீறினால் தொண்டையில் காரல் தட்டுகிறது. கேஸ்கேட், 1972-லேயே வந்த மூத்தது, பம்பளிமாஸும் பூவுமாகப் பணிவாக நிற்கிறது. சப்ரோவைத் திறந்தபோது எல்லோரும் ஒரே குரலில் "தேங்காய்!" என்றோம். தென்னந்தோப்புக்கு நடுவில் வாழ்கிற எங்களுக்கு அது அவ்வளவு பிடித்துப்போனது. ஆனால் கலப்பில் ஒரு துளி கூடினாலும் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. அதை எடுத்து ஓரமாக வைத்தோம், கொஞ்சம் வருத்தத்தோடு.

அண்ணன் அடிக்கடி சொல்கிற ஊர் ஓக்ஃபெல்டன். ஸ்ட்ராஸ்பூருக்குப் பக்கத்தில், அல்சாஸ் ஹாப் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது. 1640-லிருந்து பீர் காய்ச்சும் மெத்தியோர் ஆலை அங்கேதான். அந்த வட்டாரத்து ஹாப் 'பார்ப் ரூஜ்' ஸ்ட்ராபெரி வாசம் வீசுமாம். "அடுத்த வருஷம் அதையும் மாம்பழத்தோட சேத்துப் பாக்கணும்டா தம்பி" என்று இப்போதே திட்டம். நம் நாட்டில் ஹாப் விளைகிற இடம் இமாச்சலத்தின் லாகுல் பள்ளத்தாக்கு. குளிர்காலமும் நீண்ட கோடைப் பகலும் கேட்கிற கொடி அது. பாகூர் ஏரிப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் செழிக்கும், ஹாப் செழிக்காது.

பாட்டில் ஒத்திகையில் பிடிபடாத விஷயம் ஒன்று உண்டு. எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான்: ஈஸ்ட். புளிக்கும்போது ஈஸ்ட் சர்க்கரையை மட்டும் தின்பதில்லை, ஹாப்பின் ரோஜா மணமுள்ள ஜெரனியாலில் ஒரு பகுதியை எலுமிச்சை மணமுள்ள சிட்ரோனெல்லாலாக மாற்றுகிறது. ஜப்பானின் சப்போரோ நிறுவனத்தில் கியோஷி தகோயி குழுவினர் 2010-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் மேலே போனது. லினலூல் நிறைய இருக்கும் இடத்தில் ஜெரனியாலும் சிட்ரோனெல்லாலும் சேர்ந்தால், சிட்ரஸ் மணம் ஒவ்வொன்றும் தனியாகத் தருவதைவிடத் தூக்கலாகிறது. நல்ல கலப்புக்காரர்கள் அனுபவத்தில் கண்டதற்குக் காரணம் கிடைத்துவிட்டது! அதனால் ஜெரனியால் நிறைந்த கேஸ்கேட்டை அண்ணன் கடைசிக்கு வைப்பதில்லை. கொதி அடங்கிச் சூடு 80 டிகிரிக்கு இறங்கியதும் போட்டுவிடுகிறார், ஈஸ்ட் வரும்போது அது தயாராகக் காத்திருக்க. கொதிக்கும்போதே போட்டால் எண்ணெயெல்லாம் ஆவியாகிக் கசப்புதான் தங்கும்.

பழமணம் முழுதாகத் தங்கவேண்டிய ஹாப்புகள் புளித்து முடிந்த பிறகு, குளிர்ந்த பீரில் இறங்குகின்றன. நிறையப் போட்டால் நிறைய மணக்கும் என்று ஆசை வரும். ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் லாஃபோன்டேன், ஷெல்ஹேமர் இருவரும் கேஸ்கேட்டை வைத்துச் சோதித்து 2018-ல் சொன்னது வேறு: லிட்டருக்கு 8 கிராமைத் தாண்டினால் பழமணம் பெரிதாக ஏறுவதில்லை, தேயிலை, மூலிகை வாடை முன்னுக்கு வருகிறது.

எங்கள் நோட்டில் வென்ற டம்ளர் இது: சிட்ரா மூன்று பங்கு, மொசைக் மூன்று பங்கு, கேலக்ஸி ஒரு பங்கு. இருபது லிட்டருக்கு 60, 60, 20 கிராம். லிட்டருக்கு 7 கிராம் வருகிறது, எல்லைக்குள் அடக்கம். முதலில் எலுமிச்சை, நடுவில் மாம்பழம், விழுங்கிய பிறகு மெல்லிய கொய்யா. அம்மாவும் ஒரு மடக்கு ருசி பார்த்துவிட்டு, "பரவாயில்லயே" என்றார். ஸ்ட்ராஸ்பூர் பானையில் ஏறப்போவது இந்தக் கலப்புதான்.

வீட்டில் காய்ச்ச அனுமதியுள்ள நாட்டில் இருக்கிறீர்களா? இதே அளவில் போட்டுப் பாருங்கள். இங்கேயே இருக்கிறீர்களா? வீட்டுப் பீர் சாமான் விற்கும் இணையக் கடைகளில் ஹாப் கிடைக்கிறது, பாட்டில் ஒத்திகையை நடத்துங்கள். பிரித்த பொட்டலத்தைக் காற்று போகாமல் கட்டி ஃபிரீசரில் வையுங்கள். நம் ஊர் வெயிலில் வெளியே வைத்தால் சீக்கிரமே பழைய பாலாடைக்கட்டி வாடை வந்துவிடும். வீட்டில் நாய் இருந்தால் ஊறிய சக்கையை அது எட்டாத இடத்தில் கொட்டுங்கள். ஹாப் தின்ற நாய்க்கு உடல் சூடு கட்டுக்கடங்காமல் ஏறி உயிரே போய்விடலாம்.