எண்ணெயால் நின்றுபோகும் இதழ்கள்

பழைய லென்ஸ்கள் – 9

ஃபோகஸ் வளையம் இறுகிப்போவதற்குக் காய்ந்த கிரீஸ்தான் காரணம் என்று சென்ற வாரம் பார்த்தோம். அதே கிரீஸ் காயாமல் இளகினால் வரும் கோளாறு இன்னும் பொல்லாதது. வெளியே எதுவும் தெரியாது. வளையம் வெண்ணெய் போலச் சுற்றும். படங்கள் மட்டும் வெளுத்து வரும்.

கெர்லிட்ஸில் செய்த பென்டகான் 50 எம்.எம். எஃப்/1.8 லென்ஸையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியின் கிழக்கு ஓரத்தில், நைசே ஆற்றங்கரையில் இருக்கிறது அந்த ஊர். ஆற்றைக் கடந்தால் போலந்து. அங்கே ஹியூகோ மேயர் 1896-ல் தொடங்கிய லென்ஸ் தொழிற்சாலை, கிழக்கு ஜெர்மனி ஆட்சியில் 1968-ல் அரசு நிறுவனமான பென்டகானோடு சேர்க்கப்பட்டது. 'ஓரெஸ்டான்' என்ற பெயரில் வந்துகொண்டிருந்த லென்ஸ் அதன் பிறகு 'பென்டகான்' ஆனது. பிராக்டிகா கேமராக்களோடு ஊர் ஊராகப் போன லென்ஸ் இது. 33 சென்டிமீட்டர் வரை நெருங்கிப் படம் எடுக்கலாம். இன்றும் மலிவாகக் கிடைக்கிறது. அப்பர்ச்சர் ஒட்டிக்கொள்வதற்கும் பேர்போனது.

இதன் நடுவில், முன் கண்ணாடிகளுக்கும் பின் கண்ணாடிகளுக்கும் இடையே, அப்பர்ச்சராக ஆறு மெல்லிய உலோக இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றன. வ்யூஃபைண்டரில் பார்க்கும்போது அவை முழுக்கத் திறந்திருக்கும். ஷட்டரை அழுத்தியதும் கேமராவுக்குள் இருக்கும் ஒரு தகடு லென்ஸின் பின்புறத்து பின்னைத் தள்ளும். ஃபிலிமில் ஒளி விழுவதற்குள், நாம் வைத்த அளவுக்கு இதழ்கள் குவிந்தாக வேண்டும். கண்ணிமைக்கும் நேரம்கூடக் கிடையாது. இதழ்களை இழுப்பது ஒரு சின்ன ஸ்பிரிங். இதழ்களுக்கிடையே எண்ணெய்ப் படலம் ஒன்று படிந்துவிட்டால் போதும், அவை பிசின் தடவியதுபோல் ஒட்டிக்கொள்ளும். ஸ்பிரிங்கால் இழுக்க முடியாது. எஃப்/8 வைத்து எடுக்கும்போது அப்பர்ச்சர் எஃப்/1.8-லேயே நின்றுவிட்டால், ஃபிலிமில் விழுவது சுமார் 20 மடங்கு ஒளி.

அந்த எண்ணெய் வெளியிலிருந்து வந்ததல்ல. ஃபோகஸ் மரையில் தடவிய கிரீஸிலிருந்து, காலமும் வெப்பமும் சேர்ந்து, எண்ணெயைத் தனியே பிரித்துவிடுகின்றன. பரணில் கிடந்த லென்ஸிலும், வெயிலில் நிறுத்திய காரில் இருந்த லென்ஸிலும் இது சீக்கிரமே நடக்கும். பிரிந்த எண்ணெய் உலோகத்தின் மேல் ஊர்ந்துபோய், இதழ்களுக்கிடையே உள்ள நுண்ணிய இடைவெளியில் தங்கிவிடும்.

கதவு கிறீச்சிட்டால் எண்ணெய், தையல் மெஷின் இறுகினால் எண்ணெய் என்று பழகிய கை நம்முடையது. இங்கே அந்தக் கையைக் கட்டிப்போட வேண்டும். அப்பர்ச்சர் இதழ்கள் எண்ணெயே இல்லாமல், உலர்ந்த நிலையில் ஓடவென்று செய்யப்பட்டவை. ஒரு சொட்டு விட்டால் அன்று ஓடும், பிறகு முன்னைவிட மோசமாக ஒட்டும். நல்ல லென்ஸ்கள் இப்படிப் பாழாவதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது.

திறப்பதற்கு முன் பின்புறத்து பின்னை விரலால் அழுத்தி விடுங்கள். அது தானாகத் துள்ளி வெளியே வராவிட்டால் கோளாறு பின்னிலோ அதன் நெம்புகோலிலோ இருக்கலாம். இதழ்களைக் குற்றம் சொல்ல வேண்டாம். பின் சரியாக வந்தும் இதழ்கள் சோம்பலாக நகர்ந்தால், விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். எண்ணெய் மினுமினுப்பு தெரியும். எக்காரணம் கொண்டும் அப்பர்ச்சர் வளையத்தை முரட்டுத்தனமாகத் திருக வேண்டாம். இதழின் இரு முனைகளிலும் உள்ள முளைகள் கடுகைவிடச் சிறியவை. ஒன்று உடைந்தால் இன்னொரு லென்ஸைப் பலிகொடுத்துத்தான் மாற்று இதழ் எடுக்க வேண்டும்.

மிரர்லெஸ் கேமராவில் இந்த லென்ஸைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அங்கே பல அடாப்டர்கள் பின்னை எப்போதும் அழுத்தியே வைத்திருக்கும். இதழ்கள் விரைந்து குவிய வேண்டிய அவசியமில்லை. எண்ணெய் படிந்த லென்ஸும் அதில் ஒழுங்காகவே வேலை செய்வதுபோல் தோன்றும். ஃபிலிம் கேமராவில் மாட்டிய அன்றுதான் குட்டு வெளிப்படும்.

சுத்தம் செய்ய, லைட்டருக்கு ஊற்றும் நாப்தா திரவம் போதும். தீப்பற்றக்கூடியது, ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்பு, விளக்கு எதுவும் எரியாத இடத்தில் செய்யுங்கள். தின்னரும் அசிட்டோனும் கறுப்பு பெயின்டை உரித்துவிடும். முன்புறப் பெயர் வளையத்தை ரப்பர் துண்டால் அழுத்தித் திருகிக் கழற்றி, முன் கண்ணாடித் தொகுதியை எடுத்தால் இதழ்கள் கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொரு கட்டத்தையும் செல்போனில் படமெடுத்துக்கொள்வது நல்லது. பட்ஸில் நாப்தாவை நனைத்து இதழ்களை ஈரமாக்கி, மூடித் திறந்து, உடனே உலர்ந்த பட்ஸால் ஒற்றி எடுங்கள். ஒற்றுவதுதான் முக்கியம். நாப்தா ஆவியாகிவிடும், அது கரைத்த எண்ணெய் அங்கேயே தங்கும். அதனால் பட்ஸ் சுத்தமாக வரும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். திரவத்தை அள்ளி ஊற்றினால் அது ஃபோகஸ் மரைக்குள் இறங்கி, அங்கிருக்கும் கிரீஸையும் இளக்கிக் கொண்டுவந்துவிடும்.

எண்ணெய் மிகுதியாக இருந்தால் இதழ்களைக் கழற்றியே துடைக்க வேண்டும். பிடிக்கச் சிமிட்டா போதும். விரல் வியர்வை பட்டால் துருப்பிடிக்கும். திரும்ப அடுக்கும்போது ஐந்து இதழ்கள் ஒழுங்காக அமர்ந்துவிடும். கடைசி இதழின் ஒரு பாதி முதல் இதழுக்கு அடியில் நுழைந்தாக வேண்டும். அங்கேதான் பொறுமை போகும். இதற்குக் குறுக்கு வழி எனக்குத் தெரிந்து கிடையாது.

வேலை முடிந்ததும் எஃப்/16-ல் வைத்துப் பின்னைச் சட்டென்று தட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே வேகத்தில் குவிந்து விரிய வேண்டும். சில வாரங்களில் மறுபடி மினுமினுப்பு தெரிந்தால், பழைய கிரீஸ் இன்னும் கசிகிறது என்று பொருள். அப்போது ஃபோகஸ் மரையைப் பிரித்து, கிரீஸை முழுக்கத் துடைத்துப் புதிதாகப் போடுவதுதான் தீர்வு. பிரிக்கும்போது மரையின் இரண்டு குழாய்களும் விடுபடும் இடத்தை ஊசியால் கீறிக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த மரைக்குப் பல நுழைவாய்கள் உண்டு. தவறான வாயில் ஏற்றினால் மரை சிக்கலின்றிச் சுற்றும், தொலைவில் உள்ள காட்சி மட்டும் கூர்மையாகவே விழாது.