சூடேற்றும் பெட்டியா, சூடு தணிக்கும் பெட்டியா?

வீட்டில் வளர்க்கும் பாம்புக்குச் சொந்தமாகப் பெட்டி செய்ய நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது சூடேற்றும் கருவியைத்தான். காரணம், கையில் கிடைக்கும் செய்முறைகளில் பெரும்பாலானவை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்டவை. அங்கே குளிரே பெரிய எதிரி. மே மாதத்தில் 40 டிகிரி செல்சியஸைச் சர்வசாதாரணமாகத் தாண்டும் திருப்பதியில் அதே பெட்டியை அப்படியே செய்து வைப்பது ஆபத்து. இந்த வட்டாரத்துப் பெட்டி முதலில் வெயிலிலிருந்து காக்க வேண்டும். சூடேற்றுவது இரண்டாவது வேலை, அதுவும் சில மாத இரவுகளுக்கு மட்டும்.

பெட்டிக்கு முன்னால் சட்டம். திருப்பதியில் சேஷாசலம் காட்டையொட்டிய தெருக்களில் நுழையும் நாகமோ சாரையோ மலைப்பாம்போ, எதையும் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். வனத்துறையிடம் தகவல் சொல்வதே வழி. வளர்க்க இடமிருப்பது வெளிநாட்டு இனங்களுக்கு மட்டும். அவற்றிலும், பால் பைத்தான் எனப்படும் ஆப்பிரிக்கக் குட்டை மலைப்பாம்பு போல அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கீழ் வருபவற்றை 2024ஆம் ஆண்டு விதிகளின்படி பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். இங்கே பேசுவது அப்படிப் பதிவான பாம்பைப் பற்றி மட்டுமே.

பாம்புக்கு உடற்சூட்டைத் தானே உண்டாக்கும் திறன் அநேகமாகக் கிடையாது. இரை செரிக்க வெதுவெதுப்பான இடத்துக்கு நகரும். போதுமானதும் குளிர்ந்த இடத்துக்குத் திரும்பும். அதனால்தான் பால் பைத்தான் பெட்டியின் ஒரு முனை 31, 32 டிகிரியிலும் மறுமுனை 25, 26 டிகிரியிலும் இருக்க வேண்டும் என்கிறார்கள். குளிர் மிஞ்சினால் இரையைக் கக்கும், நாளடைவில் சளி பிடிக்கும்; கவனித்துச் சரிசெய்ய அவகாசம் இருக்கும். சூடு மிஞ்சினால் அந்த அவகாசம் கிடையாது. 40 டிகிரியில், ஒதுங்க இடமில்லாத பெட்டிக்குள், பாம்பு சில மணி நேரத்தில் செத்துவிடும். தெர்மோஸ்டாட் இருக்கிறதே என்பார்கள். அது கருவியை அணைக்கும், அறையைக் குளிர்விக்காது. அறையே 38 டிகிரியில் கொதிக்கும்போது பெட்டியின் இரண்டு முனையும் ஒன்றுதான்.

வெயிலிலிருந்து பாம்பைக் காக்கும் பெட்டிக்குத் தமிழகத்தில் நல்ல முன்மாதிரி உண்டு. வடநெம்மேலியில் 1978இல் உருவான இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம், நஞ்சு எடுக்கப் பிடித்து வரும் பாம்புகளை மண்பானைகளில் வைக்கிறது. உள்ளே மணல், வாயில் துணி. நுண்துளைகள் கொண்ட மண்பானை சுவாசிக்கும், வெளிவெயிலை உடனே உள்ளே விடாது. சில வாரங்களுக்கான அந்த ஏற்பாட்டை ஆண்டுக்கணக்கில் வாழும் பாம்புக்குக் கொடுக்க முடியாது. ஆனால் அதன் தத்துவத்தை எடுத்துக்கொள்ளலாம்.

நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் மரைன் பிளைவுட் பெட்டி. முன்பக்கம் நகரும் கண்ணாடி. இரு பக்கமும் காற்றுத் துளைகள். குளிர்ந்த முனையில் கவிழ்த்த மண்சட்டி, அதன் விளிம்பில் பாம்பு நுழையும் அளவு வாசல். கோடையில் சட்டியின் வெளிப்புறத்தில் தண்ணீர் தெளித்தால் ஆவியாகிக் குளிரும், காற்றிலும் ஈரம் சேரும். தொப்பலாக நனைக்கக் கூடாது; ஈரத்திலேயே கிடந்தால் வயிற்றுச் செதில் அழுகும். வெது முனையில், கம்பி வலைக்குள் ஒளியில்லாத செராமிக் பல்பு. அதன் கீழே ஒரு துண்டு கடப்பா கல். கல் சூட்டைப் பிடித்து வைத்து மெல்ல விடுவதால் மின்வெட்டின்போதும் கொஞ்ச நேரம் தாங்கும். தெர்மோஸ்டாட்டின் சென்சார் அந்தக் கல்லின் மேல் இருக்கட்டும். இவை எல்லாவற்றையும் விட முக்கியம் பெட்டி இருக்கும் இடம். மொட்டைமாடிக்கு நேர்கீழ் அறையும் மேற்குச் சுவரும் வேண்டாம். பகலில் ஏறிய சூட்டைக் கான்கிரீட் இரவெல்லாம் கக்கும். தரைத்தள அறையின் வடக்கு அல்லது கிழக்குச் சுவர் நல்லது.

வெப்பநாட்டுப் பாம்புக்கு இங்கே கருவியே எதற்கு என்று கேட்கலாம். திருப்பதியில் ஆண்டின் பெரும்பகுதி அது ஓரளவு சரி. ஆனால் சித்தூர் மாவட்டத்தின் மேட்டுப்பகுதியான பலமநேர், குப்பம் பக்கம் மார்கழி இரவு வேறு. தின்ற இரை செரிக்க அங்கே வெது முனை கட்டாயம். ஏசி போட்டால் போதாதா என்பது இன்னொரு கேள்வி. ஏசி காற்றை உலர்த்தும், மின்சாரம் போனால் நின்றுவிடும். துணைக்கு வைத்துக்கொள்ளலாம், அதையே நம்பியிருக்க முடியாது. பாம்பைப் பெட்டியில் அடைப்பதே தவறு என்பவர்களின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஏற்கெனவே வீடுகளில் இருக்கும் ஆப்பிரிக்கப் பாம்பைச் சேஷாசலத்தில் விட முடியாது. விடுவது அதற்கும் கேடு, காட்டுக்கும் கேடு. இருக்கும் உயிரைச் சரியாக வைப்பதுதான் மிச்சமிருக்கும் கடமை.

ஆகவே, பெட்டி செய்யும் முன் ஒரு வெப்பமானியை வாங்கி, பெட்டியை வைக்கப்போகும் இடத்தில் சித்திரை, வைகாசி மாதங்களில் பகலும் இரவும் அளந்து பாருங்கள். அங்கே 32 டிகிரிக்குக் கீழ் இறங்காத அறைதான் இருக்கிறதென்றால், பாம்பு வாங்கும் எண்ணத்தையே கைவிடுங்கள்.