குழந்தையின்மையும் சாதியும்: சிகிச்சை யாருக்கு, கடன் யாருக்கு?

ஓர் ஏழைப் பெண்ணுக்கு இரண்டாவது குழந்தை பிறந்தவுடன் அரசு மருத்துவமனை அவளிடம் கருத்தடை அறுவையைப் பற்றிப் பேசத் தொடங்குகிறது. அறுவைக்குக் கட்டணமில்லை; ஊக்கத்தொகையும் உண்டு. திருமணமாகிப் பத்து ஆண்டுகள் ஆகியும் குழந்தை பிறக்காத பெண்ணிடம் அதே மருத்துவமனைக்குச் சொல்வதற்கு அதிகமில்லை. பெரும்பாலும் அவள் தனியார் மையத்தின் வாசலுக்குத்தான் போய்ச் சேருகிறாள். ஏழைகளின் பிள்ளைப்பேற்றைத் தடுப்பதை அரசின் கடமையாகவும், பிள்ளைப்பேற்றுக்கு உதவுவதைச் சந்தையின் வேலையாகவும் நமது சுகாதாரக் கொள்கை நெடுங்காலமாகப் பிரித்து வைத்திருக்கிறது.

இந்தப் பிரிவினையின் ஒரு முனையைப் பிலாஸ்பூரில் பார்த்தோம். 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் அம்மாவட்டத்தில் நடந்த கருத்தடை முகாம்களுக்குப் பின் 13 பெண்கள் உயிரிழந்தனர். ஒரு முகாமில் மட்டும் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்யப்பட்டிருந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட சமூகங்களைச் சேர்ந்த ஏழைகள். தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் 2016இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இத்தகைய முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் கைவிட வேண்டும் என்றது. மறுமுனையில் இருப்பது குழந்தையின்மை. அதைப் பற்றி நமது இயக்கங்கள் குறைவாகவே பேசியிருக்கின்றன.

காரணங்கள் வானத்திலிருந்து விழுவதில்லை

ஓராண்டு காலம் கருத்தடையின்றி உறவு கொண்டும் கருத்தரிக்காத நிலையை மருத்துவமும் சட்டமும் குழந்தையின்மை என வரையறுக்கின்றன. உலகில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது இந்நிலையைச் சந்திக்கிறார் என உலக சுகாதார நிறுவனம் 2023இல் மதிப்பிட்டது.

இது எல்லா வகுப்பினருக்கும் வரக்கூடியது. ஆனால் எல்லோருக்கும் ஒரே காரணத்தால் வருவதில்லை. இந்தியப் பெண்களின் கருக்குழாய் அடைப்புக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, இனப்பெருக்க உறுப்புகளைத் தாக்கும் காசநோய். காற்றோட்டமில்லாத வீடும் சத்தில்லாத உணவும் வளர்க்கும் நோய் அது. பலருக்கு எந்த அறிகுறியும் காட்டாமல் இருந்துவிட்டு, குழந்தை வேண்டிச் சோதனைக்கு வரும்போதுதான் அது தெரிய வருகிறது. காசநோய்க்கு அரசு இலவசமாக மருந்து தருகிறது. சிதைந்த கருக்குழாயை அந்த மருந்து மீட்டுத் தருவதில்லை. பாதுகாப்பற்ற கருக்கலைப்பும், கவனிக்கப்படாத பிரசவத் தொற்றும் இதே விளைவைத் தருகின்றன. ஆண்களிடம் விந்தணுக் குறைவுக்கு நீடித்த வெப்பமும் ஈயமும் சில பூச்சிக்கொல்லிகளும் காரணமாகின்றன. செங்கற்சூளையிலும் உலையடியிலும் மருந்து தெளிக்கும் வயலிலும் நிற்பவர்கள் யார் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

வசைச்சொல் ஒரு வன்முறை

குழந்தையில்லாத இணையரில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் உடல்நிலையும் காரணமாகவோ காரணங்களில் ஒன்றாகவோ இருக்கிறது. விந்துப் பரிசோதனை எளிது, செலவும் குறைவு. எனினும் பெண் ஊசியும் ஸ்கேனும் முடித்து லேப்ராஸ்கோப்பி வரை சென்ற பின்னும் கணவர் ஒருமுறைகூடச் சோதனைக்குச் செல்லாத குடும்பங்கள் ஏராளம். 'மலடி' என்பது தெருச்சண்டை வரைக்கும் புழங்கும் சொல். 'மலடன்' அகராதியிலேயே தங்கிவிட்டது. வளைகாப்புக்கு அழைப்பதில்லை, பிறந்த குழந்தையைத் தூக்கவிடுவதில்லை, காலையில் எதிரே வந்தால் முகம் திருப்புகிறார்கள். ஊரும் சேரியும் இந்த ஒன்றில் வேறுபடுவதில்லை என்பதை நாம் வெட்கத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டும். தீண்டாமையை எதிர்க்கும் நம் வீட்டு முற்றத்திலேயே ஒரு பெண் ஒதுக்கி நிறுத்தப்படுகிறாள்.

இதற்குச் சட்டத்தில் நேரடியான விடை உண்டு. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆவது பிரிவு, குழந்தை இல்லை என்றோ ஆண் குழந்தை இல்லை என்றோ இழிவுபடுத்துவதை வாய்மொழி மற்றும் உணர்வுசார் வன்முறை என வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. குழந்தையின்மை மட்டுமே இந்து திருமணச் சட்டத்தின்படி விவாகரத்துக்குக் காரணமாகாது. முதல் மனைவி இருக்கையில் 'வாரிசுக்காக' இன்னொருத்தியைக் கட்டிவைப்பது, அச்சட்டத்திற்கு உட்பட்டவர்களிடையே செல்லாத திருமணம், குற்றமும்கூட.

சிகிச்சையின் விலை

தனியார் மையங்களில் ஒரு சுழற்சி சோதனைக்குழாய்க் கருத்தரிப்புக்குப் பொதுவாக ஒன்றரை லட்சம் முதல் இரண்டரை லட்சம் ரூபாய் வரை ஆகிறது. இளம் வயதினரிடம்கூடப் பாதிக்கு மேற்பட்ட சுழற்சிகள் குழந்தையில் முடிவதில்லை; நாற்பதைக் கடந்தால் வாய்ப்பு மிகவும் சுருங்கிவிடும். அதனால் செலவு ஒரு சுழற்சியோடு நிற்பதும் அரிது.

2025-26 நிதியாண்டில் தமிழ்நாட்டில் நூறுநாள் வேலைக்கான நாள் கூலி 336 ரூபாய். நூறு நாளும் வேலை கிடைத்தால் 33,600 ரூபாய். இரண்டு லட்சம் ரூபாய் என்பது, ஒரு பைசாவும் செலவழிக்காமல் சேர்த்த ஏறத்தாழ ஆறு ஆண்டுக் கூலி. ஆயுஷ்மான் பாரத் திட்டம் குழந்தையின்மைச் சிகிச்சையை விலக்கி வைத்திருக்கிறது. தனியார் மருத்துவக் காப்பீடுகளின் வழக்கமான விலக்குப் பட்டியலிலும் அது இருக்கிறது. எனவே பணம் தாலிக்கொடி அடகிலிருந்தும் மகளிர் குழுக் கடனிலிருந்தும் வருகிறது. அதுவும் தீர்ந்தால் கந்துவட்டியும், சூளை முதலாளியிடம் வாங்கும் முன்பணமும். முன்பணத்தைக் காட்டி ஒருவரை வேலையில் கட்டிப்போட்டால் அது 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்படி குற்றம். அந்தக் கடன் மருத்துவத்துக்காக வாங்கப்பட்டது என்பதால் சட்டம் மாறிவிடாது.

கருமுட்டை கொடுப்பவர் யார்?

ஏழைப் பெண்ணுக்கு இந்தத் தொழில்நுட்பத்தின் முன்வாசல் மூடியிருக்கிறது, பின்வாசல் திறந்திருக்கிறது. 2022இல் ஈரோட்டில் வெளிவந்த வழக்கை மறந்துவிட முடியாது. 16 வயதுச் சிறுமியின் வயதைப் போலி ஆதார் அட்டையில் கூட்டிக் காட்டி, பல மருத்துவமனைகளில் பலமுறை கருமுட்டை எடுக்கப்பட்டதாக அவ்வழக்கு கூறியது. தாய் உள்ளிட்டோர் கைது செய்யப்பட்டனர்.

அவ்வாண்டு ஜனவரி 25 அன்றுதான் இனப்பெருக்கத் துணைத் தொழில்நுட்பச் சட்டம், 2021 நடைமுறைக்கு வந்திருந்தது. கருமுட்டை தருபவர் 23 முதல் 35 வயதுக்குட்பட்டவராக இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே முறை மட்டுமே தரலாம், ஏழுக்கு மேல் முட்டைகள் எடுக்கக் கூடாது, அவருக்குக் காப்பீடு செய்ய வேண்டும், தரகர் கூடாது, விற்பனை கூடாது என்கிறது அச்சட்டம். இந்த வரம்புகளுக்குக் காரணம் உண்டு. முட்டைகளை மிகுதியாக வளர்க்கப் போடும் ஹார்மோன் ஊசிகளால் சினைப்பை வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, சிலருக்கு உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆனால் விற்பனையில் ஈடுபடும் மையத்துக்கு முதல் குற்றத்துக்கான தண்டனை ஐந்து முதல் பத்து லட்சம் ரூபாய் அபராதம் மட்டுமே. சிறை மறுமுறை செய்தால்தான். சில சுழற்சிகளின் வருமானத்தில் கட்டிவிடக்கூடிய தொகை அது.

சாதி ஒரு விலைப்பட்டியலாக

சாதி அகமணத்தால் உயிர்வாழ்கிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1916இலேயே, 'இந்தியாவில் சாதிகள்' என்னும் தமது கட்டுரையில் விளக்கினார். அகமணம் என்பது யாருடைய குழந்தையை யார் சுமக்கலாம் என்னும் கட்டுப்பாடு. அந்தக் கட்டுப்பாடு ஆய்வகத்துக்குள்ளும் வந்துவிட்டது. கருமுட்டையோ விந்தணுவோ தேடி வருபவர்கள் கொடுப்பவரின் நிறத்தையும் சாதியையும் கேட்கிறார்கள். மேற்கண்ட சட்டம் பாலினத் தேர்வை வெளிப்படையாகத் தடை செய்கிறது. சாதித் தேர்வைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. பெண் சிசுவைக் காக்க எழுதத் தெரிந்த சட்டமன்றப் பேனாவுக்கு இது மட்டும் ஏன் தோன்றவில்லை என நாம் கேட்க வேண்டும்.

கையில் இருக்கும் உரிமைகள்

சிகிச்சை தொடங்கும் முன் செலவு, பக்கவிளைவு, ஆபத்து, அந்த மையத்தில் வெற்றிக்கான வாய்ப்பு ஆகியவற்றை இணையருக்கு எடுத்துச் சொல்வதும், உளவியல் ஆலோசனை தருவதும் மையத்தின் கடமை. எழுத்து மூலமான ஒப்புதல் கட்டாயம். கருவைக் கருப்பையில் வைக்கும் முன் எந்நேரமும் அதைத் திரும்பப் பெறலாம். ஒவ்வொரு மையத்திலும் குறைதீர்ப்புப் பிரிவு இருக்க வேண்டும். மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன மருத்துவர்களின் தொழில்நெறி விதிகள். கட்டணச் சிகிச்சையில் கவனக்குறைவு நேர்ந்தால் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் எல்லாப் பெண்களுக்கும், வருமானம் எதுவாயினும், 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி இலவச வழக்கறிஞர் கிடைப்பார்.

இவற்றுக்கு அப்பால் அரசிடம் கேட்க வேண்டியது இருக்கிறது. குழந்தை பெறுவது பற்றி முடிவெடுக்கும் உரிமை அரசியலமைப்பின் 21ஆவது பிரிவில் அடங்கும் என்று 2009இல் சுசிதா ஸ்ரீவஸ்தவா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அரசால் இது முடியாத காரியமும் அல்ல. 2004 சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த, முன்பே கருத்தடை செய்துகொண்டிருந்த தாய்மார்களின் கருக்குழாயை மீண்டும் இணைக்கும் அறுவைக்குத் தமிழ்நாடு அரசு நிதியளித்தது. கோவா அரசு மருத்துவக் கல்லூரியில் 2023இல் இலவசச் செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சை தொடங்கப்பட்டது. சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையிலும் மையம் வந்திருக்கிறது. கூலியை இழந்து மாதத்தில் பலமுறை பேருந்தேறி எழும்பூருக்கு வர வேண்டிய கள்ளக்குறிச்சிப் பெண்ணுக்கு அது போதாது. ஒவ்வொரு மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியிலும் இச்சிகிச்சை வேண்டும். அரசுக் காப்பீட்டுத் திட்டங்கள் இதை ஏற்க வேண்டும். குழந்தை வேண்டி வரும் ஒவ்வொரு இணையருக்கும் காசநோய்ச் சோதனையும் ஆணுக்கான சோதனையும் முதல் படியாக வேண்டும். கருமுட்டை கொடுப்பவரின் சாதியைக் கேட்பதும் சொல்வதும் தடை செய்யப்பட வேண்டும்.

குழந்தை வேண்டாம் என்று வாழவும், தத்தெடுக்கவும், சிகிச்சையைப் பாதியில் நிறுத்தவும் ஒரு பெண்ணுக்கு உள்ள உரிமையும் இந்தக் கோரிக்கையின் பகுதியே. அடுத்த சட்ட விழிப்புணர்வு முகாமுக்குக் கிராமத்துக்குச் செல்லும் மாணவர்கள், நிலப் பட்டாவையும் வன்கொடுமைச் சட்டத்தையும் பேசிய பிறகு, குழந்தையில்லை என்று வசைபடுவதும் வழக்காகும் என்பதை ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்க்கட்டும். கூட்டம் கலைந்த பின் தயங்கி நின்று பேச வருபவர்களிடமிருந்து இந்தப் போராட்டத்தின் முதல் மனுக்களை நாம் எழுதத் தொடங்கலாம்.