உங்களுக்குத் தெரியுமா? மஞ்சள் நோட்டீஸும் குடியிருக்கும் வீடும்

திருவண்ணாமலையில் கடனைக் கட்ட முடியாமல் ஒருவர் 'மஞ்சள் நோட்டீஸ்' (திவால் அறிவிப்பு) கொடுத்தால், வழக்கு 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டப்படி நடக்கும். சென்னைக்கு வேறு சட்டம், 1909-இல் வந்தது. மனுப் போட 500 ரூபாய்க் கடனே போதும் (இன்று ஒரு வாரக் காய்கறிச் செலவு!).

திவால் என்று அறிவித்ததும் சொத்து நீதிமன்றத்தின் கைக்குப் போய்விடும். ஆனால் விவசாயி, கூலித் தொழிலாளி, வீட்டு வேலை செய்பவர் ஆகியோர் குடியிருக்கும் சொந்த வீடு போகாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு அதை ஜப்தியிலிருந்து காக்கிறது; ஜப்தி செய்ய முடியாதது திவாலிலும் போகாது. செங்கத்து மல்லாட்டை (நிலக்கடலை) விவசாயிக்குக் கிடைக்கும் இந்தப் பாதுகாப்பு கிரிவலப் பாதைக் கடைக்காரருக்கு இல்லை. நியாயமா என்றால், இல்லைதான். இந்தப் பாதுகாப்பை விட்டுத்தருவதாகக் கடன் கொடுத்தவர் எழுதி வாங்கினாலும் செல்லாது.

அடமானம் வைத்த வீட்டுக்கோ இந்தப் பாதுகாப்பு உதவாது. பத்திரத்தைக் கொடுக்கும் முன் யோசியுங்கள்.