நேர்க்கூற்று – அயற்கூற்று மாற்றம்: ஆங்கில விதிகளும் தமிழின் இயல்பும்

ஆய்வுச் சுருக்கம்

ஒருவர் கூறியதை மற்றொருவர் எடுத்துரைக்கும்போது இடம், காலம், சுட்டு, தொடர்வகை ஆகியவற்றில் மாற்றங்கள் நேர்கின்றன. ஆங்கில இலக்கணம் இம்மாற்றங்களை விதிகளாக வகுத்துள்ளது. அவ்விதிகளைத் தமிழோடு ஒப்பிட்டு, காலமாற்ற விதி தமிழுக்குப் பொருந்தாது என்பதையும், ‘என்று’ வருவன எல்லாம் நேர்க்கூற்று ஆகா என்பதையும் இக்கட்டுரை எடுத்துக்காட்டுகளுடன் விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நேர்க்கூற்று, அயற்கூற்று, கொண்டெடுத்து மொழிதல், சார்புக்காலம், தான்.

முன்னுரை

பிறர் கூற்றை எடுத்துரைத்தல் தமிழ் இலக்கண மரபுக்குப் புதியதன்று. அகப்பாடல்களில் ஊரார், அயலார், சேரியார், தந்தை, தமையன்மார் முதலியோர்க்குத் தனிக்கூற்று இல்லை. அவர்தம் சொற்கள் பிறர் கூற்றினுள் கொண்டெடுத்து மொழியப்படும் என்கிறது தொல்காப்பியச் செய்யுளியல். எனினும் மேற்கோள் குறியை நீக்குதல், தன்மை முன்னிலைப் பெயர்களைப் படர்க்கையாக்குதல், ‘நாளை’ என்பதை ‘மறுநாள்’ ஆக்குதல் என இன்று வகுப்பறையில் பயிலும் விதிகள் ஆங்கில இலக்கண விதிகளை ஒத்தே அமைந்துள்ளன. இவற்றுள் தமிழுக்கு உரியவை எவை, பொருந்தாதவை எவை எனப் பிரித்தறிதல் தேவையாகிறது.

ஆங்கிலத்தில் கூற்று மாற்றம்

ஆங்கிலத்தில் நேர்க்கூற்று அயற்கூற்றாகும்போது நான்கு மாற்றங்கள் நேர்கின்றன. ஒன்று, இடப்பெயர்கள் எடுத்துரைப்பவரின் நோக்கிற்கேற்ப மாறும். இரண்டு, ‘டுடே’, ‘டுமாரோ’, ‘ஹியர்’ போன்ற காலச்சொற்களும் இடச்சொற்களும் சூழலுக்கேற்ப மாறும். மூன்று, வினாத்தொடர் தன் தலைகீழ்ச் சொல்வரிசையை இழக்கும். ஆம், இல்லை என விடை வேண்டும் வினாவாயின் ‘இஃப்’ அல்லது ‘வெதர்’ முன்வரும். கட்டளை ‘டு’ சேர்ந்த வினையெச்சமாகும். நான்கு, கூறினான் என்னும் வினை இறந்தகாலமாயின் உட்தொடரின் வினையும் ஒரு படி பின்செல்லும்.

‘ஷி செட், ஐ ஆம் இல்’ என்பது ‘ஷி செட் தட் ஷி வாஸ் இல்’ ஆகிறது. ‘வில்’ என்பது ‘வுட்’ ஆகிறது. ‘சா’ என்பது ‘ஹாட் சீன்’ ஆகிறது. என்றும் மாறா உண்மைகளைக் கூறுமிடத்து நிகழ்காலம் மாறாது நிற்றலும் உண்டு.

காலமாற்றமும் தமிழும்

தமிழில் உட்தொடரின் காலம் கூறியவர் பேசிய பொழுதைச் சார்ந்தே நிற்கும். ‘நான் நோயுற்றிருக்கிறேன்’ என்று ஒருத்தி கூறியதை, ‘தான் நோயுற்றிருப்பதாக அவள் கூறினாள்’ என்கிறோம். ஆங்கில விதியைப் பின்பற்றி ‘நோயுற்றிருந்ததாகக் கூறினாள்’ என எழுதினால் பொருள் மாறிவிடும். நோய், அவள் பேசியதற்கு முன்னரே நிகழ்ந்து முடிந்ததாகும். சாட்சியின் வாக்குமூலத்தை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவோர் ‘வாஸ்’ என்பதை இறந்தகாலம் என்றே கொண்டால், நிகழ்ச்சியின் முறைவைப்பே பிறழும். எனவே இது நடை பற்றிய சிக்கலன்று, பொருள் பற்றிய சிக்கலாகும்.

தமிழ் அயற்கூற்றிலும் ஓர் இழப்பு உண்டு. ‘நான் படிக்கிறேன்’, ‘நான் படிப்பேன்’ ஆகிய இரண்டும் ‘தான் படிப்பதாகக் கூறினாள்’ என்றே மாறுகின்றன. நிகழ்காலமும் எதிர்காலமும் ஒரே வடிவில் அடங்குவதோடு, வினைமுற்றில் இருந்த இடவிகுதியும் மறைகிறது.

‘தான்’ தரும் தெளிவு

‘ஹி செட் தட் ஹி ஹாட் பாஸ்ட்’ என்னும் தொடரில் தேறியவன் கூறியவனா வேறொருவனா என்பது தொடரமைப்பால் விளங்காது. தமிழில் ‘தான் தேறிவிட்டதாக முருகன் கூறினான்’ என்றால் தேறியவன் முருகனே. ‘அவன் தேறிவிட்டதாக முருகன் கூறினான்’ என்றால் தேறியவன் பிறன் என்பதே இயல்பாகத் தோன்றும் பொருள். ‘தாம்’, ‘தாங்கள்’ என்பன உயர்வையும் பன்மையையும் சுட்டி இப்பணியையே செய்கின்றன. எல்லாத் தன்மைப் பெயர்களும் படர்க்கையாகும் எனப் பொதுவாகக் கூறும் விதி, ‘அவன்’, ‘தான்’ ஆகியவற்றுக்கு இடையிலான இவ்வேறுபாட்டைப் புலப்படுத்துவதில்லை.

‘என்று’ நேர்க்கூற்றின் அடையாளமா?

‘என்று’ வரின் நேர்க்கூற்று, ‘-ஆக’ வரின் அயற்கூற்று என்று மாணவர் மனங்கொள்கின்றனர். ‘நான் தேறிவிடுவேன் என்று ஆசிரியர் சொன்னார்’ என்னும் தொடரை நோக்குக. இங்கு ‘நான்’ ஆசிரியர் அல்லர், எடுத்துரைக்கும் மாணவரே. ஆசிரியர் உண்மையில் கூறியது ‘நீ தேறிவிடுவாய்’ என்பது. ‘என்று’ இருந்தும் இடப்பெயரும் வினைவிகுதியும் மாறியுள்ளன. ஆகவே இது அயற்கூற்றே. ‘நான் வருவேன் என்று முருகன் சொன்னான்’ என்பதோ இரு பொருளும் தரும். எது பொருள் என்பதைச் சூழலே காட்டும். மேற்கோள் குறி அச்சுப் பண்பாட்டின் வழி வந்தது. பேச்சில் அது இல்லை.

வினாவும் கட்டளையும் இவ்விருமைப் பகுப்பின் குறையை மேலும் காட்டுகின்றன. ‘-ஆக’ செய்தித்தொடருக்கே ஏற்கும். கட்டளை ‘வருமாறு’, ‘வரும்படி’ என மாறும். ‘எப்போது வருவாய்?’ என்னும் வினா, ‘எப்போது வருவேன் என்று என்னிடம் கேட்டான்’ என ‘என்று’ கொண்டே அயற்கூற்றாகும்.

தொல்காப்பிய இடையியல் ‘என’ என்பதற்கு வினை, குறிப்பு, இசை, பண்பு, எண், பெயர் என ஆறு நிலைகளைக் கூறி, ‘என்று’ என்பதும் அத்தன்மைத்து என்கிறது. கூற்றைக் கூறியவாறே தருதல் இச்சொல்லுக்கு உரிய ஒரே பணி என அங்கு வரையறுக்கப்படவில்லை. கூறியவர் யாரெனச் சுட்டாமலே ‘வந்தானாம்’ என ‘-ஆம்’ சேர்த்துப் பிறர் கூற்றை உணர்த்தும் வழக்கும் தமிழில் உண்டு. நேர், அயல் என்னும் இருமைப் பகுப்பில் இதற்கு இடமில்லை.

முடிவுரை

இடப்பெயர் மாற்றமும் சுட்டு மாற்றமும் இரு மொழிக்கும் பொதுவானவை; காலமாற்றம் ஆங்கிலத்திற்கே உரியது. தமிழில் கூற்றுவகையை அறிய மேற்கோள் குறியையோ ‘என்று’ என்னும் சொல்லையோ மட்டும் நோக்குதல் போதாது. இடப்பெயரும் வினைவிகுதியும் யாருடைய நோக்கில் நிற்கின்றன என்பதே அளவுகோலாதல் வேண்டும். கற்பித்தலிலும் மொழிபெயர்ப்பிலும் ‘தான்’, ‘-ஆக’, ‘-ஆம்’ ஆகியவற்றைத் தனித்தனியே விளக்கினால், யார், எப்போது, யாரைப் பற்றிக் கூறினார் என்பது பிறழாமல் நிற்கும்.